ஆறு விநாடிக் குரல்

வாணியம்பாடியில் ஆலங்காயம் பஸ் ஏறியதும் மாணிக்கம்மாள் செய்யும் முதல் வேலை, முந்தானையை இழுத்துத் தலையைச் சுற்றி மூக்குவரை மூடிக்கொள்வது. ஜனம் அடையாளம் கண்டு மொய்த்துவிடக் கூடாதாம். தமிழில் இருபத்துமூன்று படம், தெலுங்கில் பத்தொன்பது படம் நடித்தவள் இந்த அளவு ஜாக்கிரதையாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் பதினான்கு வருஷத்தில் ஒருவர்கூட மொய்த்ததில்லை. ஒரு தரம் கண்டக்டர் குனிந்து பார்த்து, "இன்னாம்மா, பல்லு வலியா? கிராம்பு வெச்சிக்கோ" என்றார். அவளும் சளைக்காமல் ஆலங்காயம் வரும்வரை பல் வலியாகவே நடித்தாள். பக்கத்து சீட்டு அம்மாள் இறங்கும்போது தன் மடியில் இருந்த கிராம்பையே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள் என்றால் நடிப்பு எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தில் அவள் பெயர் குமாரி மாணிக்கா. ஐந்து பிள்ளைக்குத் தாயாக வந்த படத்திலும் குமாரிதான். தமிழ்ப் படத்தில் அவளுக்கு எப்போதும் அழுகிற வேலை; தாலியறுத்தவள், பிள்ளையைத் தொலைத்தவள், அநாதை ஆசிரமத்து ஆயா. தெலுங்கில் எப்போதும் மிரட்டுகிற வேலை. மாமியார், ஜமீன்தாரின் அக்கா, ஒரு படத்தில் கொள்ளைக்காரி. காலையில் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் அழுதுவிட்டு, மத்தியானம் அடுத்த ஸ்டூடியோவில் போய் மருமகளைச் செருப்பால் அடித்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் சோறு நன்றாக இறங்கும் என்பாள்.

இரண்டு பாஷையிலும் நடித்தாளே தவிர, இரண்டு பாஷையிலும் பேசியதில்லை. வாயசைப்பு மட்டும் அவளுடையது. பிறகு டப்பிங் தியேட்டரில் வேறொருத்தி வந்து குரல் கொடுப்பாள். தெலுங்குக்காரர்கள், "இது அரவத் தெலுங்கு, தமிழச்சி பேசும் தெலுங்கு, காதால் கேட்க முடியாது" என்றார்கள். சரி, அது நியாயம். தமிழ்க்காரர்களும் அவளுடைய 'இன்னா'வைக் கேட்டுவிட்டு, "இது சைதாப்பேட்டை பாஷை, குடும்பப் படத்துக்கு ஆகாது" என்றார்கள். ஜவ்வாது மலையில் பிறந்து, சாமைச் சோறு தின்று வளர்ந்தவள், சைதாப்பேட்டையைப் பஸ்ஸில் போகும்போதுதான் பார்த்திருக்கிறாள்.

எப்படியும் தன் குரல் கேட்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, தெலுங்கு வசனத்தை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டாள். கேமரா ஓடும்போது கண்ணை உருட்டி, விரலை நீட்டி, "சாமை அறுத்தாச்சாடி? கேவுரு கொல்லையில பன்னி பூந்துச்சாமே, காவலுக்கு எவன் போனான்?" என்று ஆவேசமாகக் கேட்பாள். மருமகளாக நடித்த பெண் நிஜமாகவே நடுங்கினாள். படம் விஜயவாடாவில் நூறு நாள் ஓடியது.

மாணிக்கம்மாள் சினிமாவுக்குப் போனது முதுகைக் காட்டித்தான். 1968 ஆவணியில் மலைக்கு ஒரு ஷூட்டிங் வந்தது. விறகுக் கட்டோடு சரிவில் இறங்க கதாநாயகி பயந்தாள். இருபத்திரண்டு வயது மாணிக்கம்மாளுக்கு அதே சேலையைக் கட்டிவிட்டு, பின்பக்கமிருந்து படம் எடுத்தார்கள். ஆலங்காயம் டூரிங் கொட்டகையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவள் அம்மா மங்கம்மாள், "முதுவு நம்ம வூட்டு முதுவுதான். மூஞ்சிய எப்ப காட்டுவாங்க?" என்றாள்.

மூஞ்சியைக் காட்டியது 1971இல். அதற்குள் மங்கம்மாளின் கண்ணில் பனி மூடிவிட்டது. வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் மகன் அர்ச்சுனன் அவளை எட்டுப் படத்துக்குக் கூட்டிப்போனான். எட்டிலும் மங்கம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்து, "எவளோ பேசுறா. எம்பொண்ணு எங்கடா?" என்று கேட்டபடிதான் எழுந்தாள்.

ஊரிலும் பேச்சு கிளம்பியது. "மெட்ராஸ்ல சினிமாக்காரங்க வூட்ல சோறாக்குறாளாம்" என்றான் மேல்வீட்டுக் காசி. அர்ச்சுனன் சண்டைக்குப் போனான். மங்கம்மாள் போகவில்லை. 1981 பொங்கலுக்கு வந்த மகளின் உள்ளங்கையைத் தடவிப் பார்த்து, கரண்டி பிடித்த காய்ப்பு இருக்கிறதா என்று தேடினாள். மாணிக்கம்மாளுக்கு அது புரிந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நம்ம மலையிலேயே ஒரு படம் எடுக்குறாங்கம்மா. நான் மலைக்காரியா வர்றேன். அதுல என் கொரலுதான். சத்தியம்" என்றாள்.

அப்படித்தான் டைரக்டரும் முதலில் சொல்லியிருந்தார். இருபது நாள் மலையில் ஷூட்டிங் நடந்தது. அவள் அப்பன் பாட்டன் பேசியபடியே வசனம் பேசினாள். சென்னைக்குத் திரும்பி, பேசியதைப் போட்டுக் கேட்ட டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மலையில இருக்கிறவ இப்படியாம்மா பேசுவா?"

"நான் மலைக்காரிதாங்க."

"இருக்கலாம்மா. ஆனா கேட்டா தெரியணுமே!"

வழக்கம்போல் சம்பூர்ணத்துக்கு ஆள் போனது. பத்து வருஷமாக மாணிக்கம்மாளுக்குத் தமிழில் குரல் கொடுப்பவள் சம்பூர்ணம்; மயிலாப்பூரில் பிறந்தவள், திருப்பதிக்குப் போனபோது தவிர வேறு மலையைப் பார்த்ததில்லை. 'வந்தாக', 'போனாக' என்று தெற்கத்திப் பேச்சை அவளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவளும் அழகாகப் பேசினாள். "இப்பதான் மலை வாசனை வருது" என்று டைரக்டர் கண்ணை மூடி ரசித்தார். ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மாணிக்கம்மாளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரே ஓர் இடத்தில் சம்பூர்ணம் சிக்கிக்கொண்டாள். அந்த மலைக்காரி, சரிவின் உச்சியில் நின்று வீட்டுக்குக் கூவ வேண்டும்.

இந்தக் கூவல் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாணிக்கம்மாளின் ஊரில் மொத்தம் பதினேழு வீடு. கடுக்காய் பொறுக்கவோ தேன் எடுக்கவோ காட்டுக்குள் போகிறவர்கள் உச்சியை எட்டியதும் நீளமாக ஒரு கூவல் போடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதே நீளத்துக்குப் பதில் கூவ வேண்டும். அதைக் கேட்டதும் காட்டில் இருப்பவர்கள் குட்டையாக இரண்டு போடுவார்கள். சௌக்கியம், கேட்டது என்று அர்த்தம். அந்த இரண்டு வராவிட்டால் ஊர் சும்மா இருக்காது. மாணிக்கம்மாள் பதினோரு வயதில் ஒரு நாள், வாய் நிறைய நாவல் பழத்தை அடக்கிக்கொண்டிருந்ததால் அந்த இரண்டைப் போடவில்லை. ஒன்பது பேர் களத்து வேலையைப் போட்டுவிட்டு அரிவாளோடு மலையேறி வந்தார்கள். ஊதா நாக்கோடு உட்கார்ந்திருந்தவளை மங்கம்மாள் அடித்த அடியில், அதன்பின் அவள் ஒருநாளும் அதை மறந்ததில்லை.

சம்பூர்ணம் ஏழு தரம் கூவிப் பார்த்தாள். ஏழாவது தரம் இருமல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "அடியே மாணிக்கா, எனக்குத் தொண்டை கிழியறது. இந்தக் கத்தலை நீயே கத்திட்டுப் போ" என்றாள். மாணிக்கம்மாள் மைக் முன்னால் நின்று வாயைத் திறந்ததும் ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தார். அவளைப் பின்சுவருக்கு அனுப்பி, முகத்தைத் திருப்பி நிற்கச் சொல்லி, ஒரே தரத்தில் எடுத்து முடித்தார்கள். ஆறு விநாடி. பின்னால் அந்தப் படம் தெலுங்குக்குப் போனபோது வசனம் எல்லாம் மாறியது. கூவலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

1982 மாசியில் படம் வாணியம்பாடிக்கு வந்தது. விடிந்ததும் அர்ச்சுனன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு மைல் நடந்து, இரண்டு பஸ் மாறி, மேட்னிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மாணிக்கம்மாள் சென்னையிலிருந்து நேரே தியேட்டருக்கு வந்தாள். முந்தானை மூக்குவரை இருந்தது. குரல் மாறிய விஷயத்தை அவள் இன்னும் சொல்லவில்லை. இடைவேளைக்குள் எப்படியும் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. திரையில் மலைக்காரி வந்தாள், சம்பூர்ணம் பேசினாள்.

"எவடி இவ?" என்றாள் மங்கம்மாள்.

"நான்தாம்மா."

"மதுர பக்கத்துக்காரி மாதிரி பேசுறா." மங்கம்மாள் தணிந்த குரலில், "சோறாக்குனாலும் தப்பில்லடி. பொய்தான் சொல்லக் கூடாது" என்றாள்.

அர்ச்சுனன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாணிக்கம்மாள் அவன் கையைப் பிடித்து அழுத்தி வேண்டாம் என்றாள். முந்தானையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள்.

இடைவேளைக்கு முந்திய காட்சி. திரையில் மலைக்காரி சரிவின் உச்சியில் போய் நின்றாள். கையைக் குவித்தாள். கூவினாள்.

மங்கம்மாள் எழுந்து நின்றாள். யாரும் தடுக்கும் முன்னால் முகத்தை உயர்த்தி அதே நீளத்துக்குப் பதில் கூவினாள். தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறந்தது. "யாருடா அது, நரி பூந்துகீதா?" என்றது ஒரு குரல். "ஏ கெழவி, உக்காரு! படம் மறைக்குது!" என்றது இன்னொன்று. திரையில் அதற்குள் கதாநாயகன் ரோஜாத் தோட்டத்தில் பாட ஆரம்பித்துவிட்டான்.

மங்கம்மாள் உட்காரவில்லை. அர்ச்சுனன் சேலையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. திரைப்பக்கம் ஒரு காதைச் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வர வேண்டிய இரண்டு இன்னும் வரவில்லை.

மாணிக்கம்மாள் முந்தானையை முகத்திலிருந்து எடுத்து இடுப்பில் செருகினாள். அத்தனை ஜனத்துக்கும் நடுவில் எழுந்து நின்று, கையைக் குவித்து, குட்டையாக இரண்டு போட்டாள்.