ரைட் சொன்னவர்

நகரப் பேருந்தில் கண்டக்டராக இருக்கும் அவரை டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'டபுள் விசில்' என்றால்தான் தெரியும். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும் என்பது எல்லாக் கண்டக்டர்களுக்கும் பொது. இவர் அடிக்கும் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கேட்கும். கூட்ட நேரத்தில் விசிலை எடுத்து வாயில் வைக்கக் கை ஒழியாது. அப்போது படிக்கட்டில் நின்றபடி தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு டிரைவரே தேவையில்லை, வண்டி தானாக நகரும் என்று டிப்போவில் கேலி செய்வார்கள். படியில் காலை வைத்தவர் உள்ளே போவதற்குள் அவர் ரைட் சொன்னதாக ஒரு புகாரும் கிடையாது. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

அக்கா தொலைதூரத்து ஊரில் இருந்து போன் செய்தபோது அந்தப் பெருமைதான் முதலில் வாயைத் திறந்தது. கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது, பிள்ளைகளுக்கு ஒருத்தர் முகம் இன்னொருத்தருக்குத் தெரியாமல் போய்விடும், அண்ணன் குடும்பத்தோடு வருகிறான், நீயும் வந்தே ஆக வேண்டும் என்றாள் அக்கா. மனைவிக்கு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. லீவு கிடைக்கவில்லை.

"இன்னொரு தடவை எல்லாரும் சேர்ந்து போலாங்க" என்றாள் மனைவி.

"ஏன், நான் கூட்டிட்டுப் போக மாட்டேனா? தினமும் ஒரு ஊரையே ஏத்தி இறக்குறேன்."

"உங்க ஊரு தானா ஏறும், தானா இறங்கும். அதுக்கெல்லாம் நீங்க ஜட்டி மாத்தி விடுறீங்களா? இதுங்க ரெண்டும் அப்படியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. விடிவதற்கு முன் டிப்போவுக்குப் போய், பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்புகிறவர் அவர். மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. இரண்டு பேரையும் ஒரு முழு நாள் தனியாக வைத்துக்கொண்டதில்லை. அதனாலேயே பிடிவாதம் பிடித்தார். பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் மனைவி இனி இந்த மாதிரி சிரிக்க மாட்டாள் என்பது அவர் கணக்கு. கடைசியில் அவள் சம்மதித்தாள். சின்னவனுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது என்று பையின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் கவர்களை மடித்து வைத்துக் கொடுத்தாள்.

காலையில் கிளம்பிய நெடுந்தூரப் பேருந்து உச்சிவெயிலில் நெடுஞ்சாலையோரத்து உணவகம் ஒன்றின் முன் நின்றது. அதுவரை எல்லாம் நன்றாகவே போனது. மூத்தவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே வரும் லாரிகளுக்குக் கை காட்டிக்கொண்டு வந்தாள். இறங்கியதும், "அப்பா, அர்ஜென்ட்" என்றாள்.

உணவகத்தின் பின்பக்கம் கழிப்பறைகள். பெண்கள் பக்கத்தின் வாசல் வரை அழைத்துப் போனார். "நீ உள்ள போயிட்டு வா. அப்பா இங்கேயே நிக்கிறேன்."

"போகக் கூடாது."

"எங்க போகப் போறேன்? போடா கண்ணு."

அவள் உள்ளே போனதும் தோளில் இருந்த சின்னவன் அவர் சட்டையின் முதுகுப்பக்கம் முழுக்க வாந்தியெடுத்தான். கவர்கள் பையில், பை வண்டியில். குழாயடிக்கு ஓடினார். பிள்ளையின் வாயைக் கழுவி, தன் சட்டையைத் துடைத்து, மாற்றுச் சட்டை எடுக்க வண்டிக்குப் போனார். ஒரு நிமிஷ வேலைதானே என்று நினைத்தார். சட்டையை மாற்றும்போதே சின்னவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். கழிப்பறைப் பக்கம் போவதற்காகப் படிக்கட்டில் இறங்கிய நேரம் டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிகரெட் பிடித்தவர்களும் கூட்டமாகப் படிக்கட்டுக்கு ஓடிவந்தார்கள். அந்த வண்டியின் கண்டக்டர் சின்னப் பையன், முன்சீட்டில் போனில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். படிக்கட்டில் ஆளில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் நம் ஆளின் உடம்பு தானாக ஓரம் ஒதுங்கி வழி விட்டது. தோளில் பிள்ளையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பாத்து ஏறுங்க. உள்ள போங்க, வழியில நிக்காதீங்க. ஐயா, கையக் குடுங்க" என்று ஒரு பெரியவரைத் தூக்கிவிட்டார். கடைசியாக ஓடிவந்தவரின் பையை வாங்கி உள்ளே வைத்தார். படி காலி. பின்பக்கம் ஒரு பார்வை, முன்பக்கம் ஒரு பார்வை. தகரத்தில் இரண்டு தட்டு.

"போலாம் ரைட்!"

டிரைவரின் காதுக்குத் தெரிந்த சத்தம். வண்டி நகர்ந்தது.

அந்த ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது என்பதுதான் பின்னால் அவரை அதிகம் அறுத்தது. நல்லதொரு வேலையை முடித்த திருப்தியோடு உள்ளே நடந்து தன் சீட்டுக்கு வந்தார். சின்னவனைக் கிடத்துவதற்காகக் குனிந்து, "கொஞ்சம் தள்ளிக்கோ பாப்பா" என்றார்.

ஜன்னலோரம் பைதான் இருந்தது.

அவர் போட்ட கூச்சலில் முன்சீட்டுக் குழந்தைகள் அழத் தொடங்கின. கண்டக்டர் பையன் பதறிப்போய் விசிலடித்தான். வண்டி ஓரம் கட்டுவதற்குள் உணவகம் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. சின்னவனை முன்சீட்டு அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, குதித்து, வந்த வழியே ஓடினார். லாரிகள் ஹாரன் அடித்தன. செருப்பு ஒன்று எங்கோ கழன்று போனது.

வண்டி நின்றிருந்த இடத்தில், தரையில் படிந்த எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் மூத்தவள் நின்றுகொண்டிருந்தாள். உணவகத்துக் கல்லாவில் உட்காரும் பெண்மணி அவள் தோளைப் பிடித்திருந்தாள். குழந்தை அழவில்லை. கழுவிய கைகளைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து, பாவாடை முன்பக்கம் ஈரமாகியிருந்தது.

"ஏங்க, புள்ளைய விட்டுட்டு எப்படிங்க வண்டி ஏறுனீங்க?" என்றாள் அந்தப் பெண்மணி.

அவர் குழந்தையைத் தூக்கினார். அவள் அவர் காதோரம் சொன்னாள்:

"நீங்கதாம்பா ரைட் சொன்னீங்க. எனக்கு உள்ள கேட்டுச்சு."

தூக்கிக்கொண்டே திரும்பி நடந்தார். வண்டி கண்ணுக்குத் தெரிந்ததும்தான் வாய் வந்தது.

"அம்மாகிட்ட இதைச் சொல்ல வேணாம். அத்தை வீட்லயும் சொல்லக் கூடாது. சரியா?"

"ஏன்?"

"அம்மா பயந்துடுவாங்க."

அவள் யோசித்தாள். "சரிப்பா" என்றாள்.

வண்டியில் விசாரணை தொடங்கிவிட்டிருந்தது. டிரைவர் இருக்கையை விட்டு எழுந்து வந்து கண்டக்டர் பையனைப் பிடித்திருந்தார்.

"ஏன்யா, ஆளு ஏறிருச்சான்னு பாக்காம ரைட் குடுப்பியா?"

"நான் குடுக்கலண்ணே. நான் போன்ல இருந்தேன்."

"போன்ல இருந்தேன்னு வாய் கூசாம வேற சொல்றியா? அப்ப ரைட் குடுத்தது யாரு, உன் தாத்தாவா?"

வண்டியே சிரித்தது. "டிப்போவுல சொல்றேன் இரு. உனக்கெல்லாம் படிக்கட்டு எதுக்கு?" என்றார் டிரைவர்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். டிப்போவில் ஒரு புகார் என்ன செய்யும் என்று அந்த வண்டியில் இருந்த யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். குழந்தையை அணைத்துக்கொண்டு தன் சீட்டில் போய் உட்கார்ந்தார். அவர் கைகொடுத்து ஏற்றிவிட்ட பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்சீட்டு அம்மா சின்னவனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பாவம், எப்படித் துடிச்சுட்டீங்க" என்றாள். அதற்கும் தலையாட்டினார்.

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் செருப்புகள் மலையாகக் கிடந்தன. அக்கா ஓடிவந்து இரண்டு பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் அணைத்தாள். "தம்பி, ஒத்தை ஆளா ரெண்டையும் கூட்டிட்டு வந்துட்டியேடா!" அண்ணன், "அவனுக்கு என்ன, டிக்கெட் கிழிச்சுக் கையில குடுத்திருப்பான், ரெண்டும் கம்முனு உக்காந்திருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மனைவிக்குப் போன் செய்தார். "பத்திரமா வந்துட்டோம்" என்றார். "பரவாயில்லையே, சாதிச்சுட்டீங்க" என்றாள் மனைவி. அந்தப் பாராட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த வீட்டில் ஒரே ஒரு பாத்ரூம். மறுநாள் காலையில் அதன் முன் பெரிய வரிசை. அவர் கூடத்தில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் பஸ் கதைகள் சொல்லிக்கொண்டிருந்தபோது மூத்தவள் வந்து சட்டையை இழுத்தாள்.

"அப்பா, பாத்ரூம் போகணும். நீங்க வெளியில நிக்கணும்."

"அத்தையக் கூட்டிட்டுப் போ கண்ணு."

அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து இழுத்தாள். "இரு, இந்தா வந்துட்டேன்" என்றார். கதை முக்கியமான கட்டத்தில் இருந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் போட்டோ எடுத்துக் கொடுக்க வந்துவிட்டார். எல்லாரையும் வாசற்படியில் உயர வாரியாக நிறுத்தினார்கள். மூத்தவள் முன்வரிசையில் நின்றாள்.

"சிரிங்க எல்லாரும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சிரித்தார்கள். அப்போதுதான் அண்ணன் மகன் கத்தினான்: "அய்யே! இவ ஒண்ணுக்குப் போயிட்டா!"

படியிலிருந்து தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் குதித்து விலகினார்கள். "ஸ்கூலுக்குப் போற பொண்ணு…" என்று அண்ணி இழுத்தாள். அண்ணன் விடவில்லை. "அப்பன் ஊருக்கெல்லாம் வண்டிய நிறுத்துவான். சொந்தப் பொண்ணுக்கு ஸ்டாப்பிங் இல்ல போல!"

சிரிப்பு வெடித்தது. அதில் அவர் குரலும் இருந்தது. "வீட்ல இப்படிப் பண்ண மாட்டா" என்று சொல்லவும் சொன்னார்.

அக்கா மட்டும் கீழே உட்கார்ந்து குழந்தையின் முகத்தைப் பிடித்தாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா தங்கம்? நான் கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"அத்தை போயிடுவாங்க."

"நான் எங்கடா போகப் போறேன்? யாராவது உன்னை விட்டுட்டுப் போனாங்களா?"

"சொல்லக் கூடாது."

"யாரு சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க?"

மூத்தவள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அப்பாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயந்தவள் போல ஈரமான தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்காக ஆறு வயதுப் பிள்ளை காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்க்கா" என்றார் அவர்.

சொன்னார். வாந்தி, ஹாரன், படிக்கட்டு, இரண்டு தட்டு, எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை, சொல்லக் கூடாது என்று தானே வாயைக் கட்டியது, எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் போனைக் கையில் வைத்தபடியே நின்றார். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் கேலியாக ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. அண்ணன் கேட்டது வேறு.

"அந்தக் கண்டக்டர் பையன்கிட்ட நீதான்னு சொன்னியா?"

"இல்லண்ணே."

அக்கா குழந்தையைக் குளிக்க வைத்து வேறு உடை மாட்டிய பிறகு அவர் மனைவிக்குப் போன் போட்டார். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை.

"போனை அவகிட்ட குடுங்க."

மூத்தவள் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நான் சொல்லலம்மா. அப்பாவேதான் சொல்லிட்டாரு" என்றாள். குரலில் வாக்குத் தவறாத பெருமை இருந்தது. எதிரில் நின்று அதைக் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு.

போன் திரும்பக் கைக்கு வந்தபோது மனைவி சத்தம் போடவில்லை. "விட்டுட்டீங்க, அது கை தவறினது. அவளைப் போய் வாயைப் பொத்த வச்சிருக்கீங்களே" என்றாள். பிறகு, "திரும்பி வர்றதுக்கு நான் எப்படியாவது லீவு வாங்கிட்டு வரேன். புள்ளைங்கள நான் கூட்டிட்டு வரேன். நீங்க கூட வாங்க, போதும்."

மத்தியானம் பேருந்து நிலையத்துக்கு நடந்தார். அந்த வண்டி விடியற்காலையிலேயே திரும்பிப் போய்விட்டிருந்தது. நேரக் காப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் மேலும் கீழும் பார்த்தார். "பாசஞ்சர் எதுக்குங்க ரைட் குடுத்தீங்க?"

"நானும் கண்டக்டர்தான்."

"இதை என்கிட்ட சொல்லி என்ன? அவன்கிட்ட சொல்லுங்க" என்று நம்பரைக் கொடுத்தார். பையன் போனை எடுத்தான். முழுவதையும் கேட்டான். டிரைவரிடமும் டிப்போவிலும் தானே பேசுவதாக இவர் சொன்னார். "சரிங்கண்ணே" என்றான் பையன். திட்டுவான் என்று காத்திருந்தார். அவன் வைத்துவிட்டான்.

சாயங்காலம் மறுபடி பாத்ரூம் வரிசை. மூத்தவள் வந்து அவர் முன்னால் நின்றாள், சட்டையை இழுக்கவில்லை. அவரே எழுந்தார். கதவு வரை போனதும், "பேசிக்கிட்டே இருக்கணும். அப்பதான் நிக்கிறீங்கன்னு தெரியும்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆறு வருஷமாகத் தன் மகளோடு பேச அவர் சேர்த்து வைத்தது ஒன்றும் இல்லை.

"அப்பா?"

"இருக்கேன்… டிப்போ. மார்க்கெட். மணிக்கூண்டு."

"அப்புறம்?"

"கண்ணாஸ்பத்திரி. பழைய பாலம். தண்ணி டேங்க்."

பின்னால் அண்ணன் தோளில் துண்டோடு வந்து நின்றார். அண்ணியும் வந்தாள். மூடிய கதவைப் பார்த்து ஒரு ஆள் தன் பஸ் ரூட்டை நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை வரிசை முழுவதும் பார்த்தது. அவருக்குக் காது மடல் சுட்டது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, அப்புறம்?"

"அச்சாபீஸ்" என்றார், இன்னும் கொஞ்சம் சத்தமாக.