வியாழக்கிழமைக் கோழி

எங்கள் ஆலையில் வேலை பார்க்கும் யாரும் எங்கள் ஆலைக் கோழியைக் கடையில் வாங்க மாட்டோம். இதை வெளியே சொல்லக் கூடாது என்று யாரும் உத்தரவு போடவில்லை. போடாமலே தெரியும். நாங்கள் சாப்பிட்டது வியாழக்கிழமைக் கோழி மட்டும்தான்.

வாரத்தில் அந்த ஒரு நாள் ஐந்து கோழிகளைச் சோதனைக்கு எடுப்பது பஞ்சக்காவின் வேலை. சேர்ந்த புதிதில் மேசைகளைப் பஞ்சால் துடைத்து லேபுக்கு அனுப்பியதால் வந்த பெயர் அது. உரித்த கோழியை ஒரு பையில் போட்டு, லேப் கொடுத்த தண்ணீரை ஊற்றி ஒரு நிமிடம் குலுக்குவாள். தண்ணீர் மட்டும் கிருமி பார்க்கப் போகும். கோழி எங்களுக்கு மிஞ்சும். அக்காவுக்கு ஒன்று, பக்கத்து மேசையில் மெஷின் விட்ட குடலை எடுக்கும் எனக்கு ஒன்று, மற்ற மூன்றும் மற்றவர்களுக்கு முறைவைத்து.

விதிப்படி, உரித்த கோழிகளை ஆறவைக்கும் குளிர்தொட்டியிலிருந்து வருவதை அப்படியே எடுக்க வேண்டும். ஆனால் எங்கள் சூப்பர்வைசர், எப்போதும் மணி பார்ப்பதால் கடிகாரம் என்று நாங்கள் சொல்லும் மனிதர், தானே ஐந்தைப் பொறுக்கி, குளோரின் வாளியில் தனியாக ஒரு தடவை முக்கிக் கொடுப்பார். பக்கத்தில் நின்றாலே கண் எரியும். அதில் கிருமி என்ன, கிருமியின் பாட்டனும் பிழைக்க மாட்டான். அக்கா குலுக்குவாள், கையெழுத்துப் போடுவாள். பதினோரு வருடத்தில் ஒரு அறிக்கைகூடக் கெட்டு வந்ததில்லை.

லைனின் வேகத்தைக் கூட்டிய பிறகு குடல் இழுக்கும் மெஷின் பத்துக்கு ஒன்றின் குடலைக் கிழித்தது. கிழிந்ததில் வழிந்தது எல்லாம் குளிர்தொட்டிக்குப் போகும். முன்பு ஒரு நாளைக்கு மூன்று தடவை மாற்றிய தொட்டித் தண்ணீரை இப்போது ஒரு தடவைதான் மாற்றுகிறார்கள். ஒரு கோழியின் வயிற்றில் இருந்தது ஆயிரம் கோழிக்கும் பங்கு. இதையெல்லாம் பகலில் பார்த்துவிட்டு, சாயங்காலம் என் வீட்டு அடுப்பில் வியாழக்கிழமைக் கோழியை ஏற்றுவேன். அப்போது எனக்கு வெட்கமாக இருக்கவில்லை.

அக்காவின் தங்கை இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. கடையில் எங்கள் ஆலையின் சீல் வைத்த பாக்கெட்டைத்தான் கேட்டு வாங்குவாள். எங்கக்கா கையெழுத்துப் போட்டால்தான் கோழி வெளியே வரும் என்று தெருவெல்லாம் பெருமை பேசுவாள். அக்கா சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாள். தன் பங்கில் பாதியைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். தங்கைக்கு வாயில் ஒன்றும் தங்காது, வேலை போய்விடும் என்று பயந்தாள்.

தங்கை ஒரு நாள் கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்கிக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் ரத்தபேதி. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது, கோழியிலிருந்து வந்திருக்கும் என்றார் டாக்டர். தங்கை அவரையே திருத்தினாள்.

“அது எங்கக்கா வேலை பாக்குற எடத்துக் கோழி டாக்டர். அதுல ஒண்ணும் இருக்காது. நான்தான் பலகையக் கழுவல.”

அக்கா அங்கேதான் நின்றாள். ஒன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது. நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வியாழன் கடிகாரம் வருவதற்குள் அக்கா முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, புதுக் கையுறை மாட்டி, தொட்டியிலிருந்து நேராக ஐந்து கோழிகளை எடுத்துக் குலுக்கி அனுப்பினாள். பார்த்தது நான் ஒருத்திதான். ஐந்திலும் கிருமி என்று வந்தது.

ஆலை சும்மா இருக்குமா? விசாரணை வைத்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “அவ கையக் கழுவினாளா? நீ பாத்தியா?” என்று கேட்டார்.

“கவனிக்கல சார்,” என்றேன்.

கிருமி கோழியில் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கையிலிருந்து ஒட்டியது என்று எழுதிவிட்டார்கள். குழந்தையின் சாவையே சாட்சியாக்கினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்காவை நிறுத்திவிட்டு கோழி குலுக்கும் பையை என் கையில் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

மனது உறுத்தியது. முதல் வியாழன் என் பங்குக் கோழியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள், ஆள் பாதியாகியிருந்தாள். தன்னால்தான் அக்காவின் வேலையும் போனது என்று அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காவின் பத்து வயது மகள் ஓடி வந்து என் பையை வாங்கினாள்.

“என்னடி அது, சீலே இல்ல?” என்றாள் தங்கை.

“இது டெஸ்ட் கோழி சித்தி. நாங்க இதுதான் சாப்பிடுவோம். கடைக் கோழிய அம்மா வாங்கவே மாட்டாங்க, வயித்துக்கு ஆகாதுன்னு.”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அக்காவின் கையை விட்டாள்.

“எவ்வளவு நாளா?”

“ஆரம்பத்துலேருந்தே,” என்றாள் அக்கா.

தங்கை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அக்கா செத்தால்கூட அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று பிறகு சொல்லியனுப்பினாள்.

அடுத்த வியாழன் கடிகாரம் முக்கிக் கொடுத்த ஐந்து கோழிகளைக் குலுக்கினேன். கையெழுத்தும் போட்டேன். ஐந்தும் சுத்தம் என்று அறிக்கை வந்தது.