அரைக் கிலோ கழிவு

ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் சர்வதேச கராத்தே போட்டி. நானும் போகிறேன் என்று தகவல் வந்ததே நேற்றுதான். இனிப் பயிற்சிக்கு நேரமில்லை. எடையாவது ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டாமல் இருக்க வேண்டும். தாண்டினால் மோதவே விடமாட்டார்கள்.

காலையில் தோட்டத்தில் திராட்சை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன்.

அரைக் கிலோ அதிகம்.

மதியம் காமயகவுண்டன்பட்டி அத்தை வீட்டில் வழியனுப்பு விருந்து. இலையில் கோழிக்கறியை அள்ளி வைத்தார்.

"வேணாம் அத்தே, எடை கூடிருச்சு. வெளிய தள்ளிருவாக."

அத்தை கரண்டியை நிறுத்தவில்லை. "நம்ம திராட்சையில யாவாரிக காம்புக்குன்னு பெட்டிக்கு அரைக்கிலோ கழிக்கிறாகள்ல? அதே மாதிரி உனக்கும் கழிச்சுக்கிடச் சொல்லு. தின்னு ஆத்தா."

தின்றுவிட்டேன்.

கொழும்பு நடுவரிடம் எந்தக் காம்பைக் காட்டிக் கழிக்கச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.