எங்கள் கம்பெனிக்கு இட்லி வண்டி என்று பெயர் வந்தது

நான் வேலை பார்க்கும் மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பெயர் மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் சொந்தக்காரர்களுக்கே தெரியாது. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் சொல்வேன். "அப்படி ஒரு வண்டி இருக்கா என்ன?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, ரசம் எடுத்து வரச் சொல்லித் திரும்பிவிடுவார்கள்.

மும்பையில் அந்த வண்டிக்கு டீலர் பிடிப்பதுதான் என் வேலை. பெரிய ஷோரூம்காரர்கள் மரியாதையாக டீ கொடுப்பார்கள். டிவியில் விளம்பரம் வருகிறதா என்பார்கள். வரவில்லை என்று தெரிந்ததும் அவர்கள் பார்வை கடிகாரத்துக்குப் போய்விடும். ரோட்டில் நாலு வண்டி ஓடினால்தான் டீலர் வருவார், டீலர் வந்தால்தான் ரோட்டில் வண்டி ஓடும். இதற்கு நடுவே மாட்டிக்கொண்டு செம்பூருக்கும் கோபர்கைரனேவுக்குமாக அலைந்துகொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது.

"தாராவில ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கோம், மேடம். ஒங்க வண்டிக்கு டீலர் வேணுமாம்லா?"

ஒரு பெண் குரல். பேச்சு சுத்தமான திருநெல்வேலி.

மறுநாள் போனேன். தொண்ணூறு அடி ரோட்டில் ஒடுக்கமான கடை. போன் செய்த பெண்ணுக்குக் கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். கணவர் மெக்கானிக், அதிகம் பேசாதவர். எந்த டீலரும் முதலில் கமிஷனைத்தான் கேட்பார். அந்தப் பெண் கேட்டது வேறு. "பின்னால எவ்வளவு கனம் தாங்கும், மேடம்?"

பதிலை நான் பிரோஷரில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் கணவர், நான் கொண்டுபோயிருந்த வண்டியின் பின்னால் தண்ணீர் நிரப்பிய இரண்டு டிரம்களைக் கட்டிவிட்டார். குண்டும் குழியுமான சந்துகளில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "தாங்குது" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டில் இட்லி வியாபாரம். மும்பையில் விடியும் முன்பே சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹார்னை அமுக்கியபடி தெருத்தெருவாக வருகிறார்களே, அந்த இட்லிக்காரர்களில் பெரும்பாலோர் அவருடைய ஊர்க்காரர்கள், இல்லையென்றால் சொந்தக்காரர்கள். "சைக்கிள் மிதிச்சு மிதிச்சு எந்தம்பிக்கு முட்டி போச்சு. பெரிய கம்பெனி வண்டி கட்டுபடியாவல. ஒங்க வண்டிய யாருக்கும் தெரியாதுன்னாலும் வெல கொறச்சல்லா?"

டீலர்ஷிப் கொடுத்தோம். கொடுக்க வேறு ஆளும் இல்லை. பக்கத்துக் கடையை எடுத்துக் கண்ணாடி போட்டு, விளக்கு வைத்து, உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு டிஸ்ப்ளே வண்டியை நிறுத்தினார். முதல் வண்டியை அவர் தம்பி எடுத்தார். தெரிந்த வெல்டரிடம் சொல்லிப் பின்னால் அகலமாக ஒரு கேரியர் போட்டுக்கொடுத்தார்கள். வண்டியில் ஹார்ன் இருந்தும் ஹாண்டில்பாரில் பழைய ரப்பர் ஹார்னையும் மாட்டினார் தம்பி. அந்தச் சத்தம் கேட்டால்தான் ஜனங்கள் பாத்திரத்தோடு கீழே இறங்கி வருவார்களாம். ஆசையாகப் போட்டோ எடுத்து என் மேலதிகாரிக்கு அனுப்பினேன். கம்பெனி வண்டியை இந்தக் கோலத்தில் இனிமேல் படமெடுத்து அனுப்ப வேண்டாம் என்று பதில் வந்தது.

தம்பியைப் பார்த்து அடுத்த சந்துக்காரர் எடுத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். மழைக்காலம் தொடங்கும்போது மாதாமாதம் நான் அனுப்பும் கணக்கில் அந்த ஒரு கடைதான் இருந்தது.

மழையோடு தொல்லையும் வந்தது. வீட்டுக்கு வீடு நின்று நின்று கிளம்பும் வண்டிகள் அவை. கிளட்ச் கேபிள்கள் வரிசையாக அறுந்தன. பிரேக் தேய்ந்தது. எங்கள் ஸ்பேர் கிடங்கு வெளியூரில், வழியெல்லாம் வெள்ளம். "நாளைக்கு வந்துடும்" என்று கிடங்கில் சொன்னதையே நானும் அவரிடம் தினமும் சொன்னேன்.

ஒரு நாள் மதியம் நேரில் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்றதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டேன். டிஸ்ப்ளே வண்டியில் கேபிள் இல்லை, பிரேக் இல்லை, செயின் இல்லை, முன் சக்கரமும் இல்லை. செங்கல் அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். சிவப்பு டாங்க் மட்டும் பளபளத்தது.

"என்ன இது? டிஸ்ப்ளே வண்டியைத் தொடப்படாதுன்னு ரூல் இருக்கு, தெரியுமோன்னோ?" குரல் உயர்ந்துவிட்டது.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "மொதல்ல இரிங்க, மேடம். ஒங்க கேபிள் வரல. அவன் காலைல வண்டி எடுக்கலன்னா அவிச்ச இட்லி பூரா வீணால்லா போவும்? நம்மள நம்பி எடுத்தவன் நடுரோட்டுல நிக்கான், நான் இங்க லைட்டப் போட்டு இத காட்டிட்டு இருக்கவா?"

"இது இப்படி நின்னா யார் வண்டி வாங்குவா?"

"நிக்கித வண்டியப் பாத்து எவனும் வாங்கல, மேடம். நம்ம ஆளு ஓட்டுதத பாத்துதான் வாங்குதான். நாளைக்கு விடிகாலைல வாங்க. பாத்துட்டு ரிப்போர்ட் எழுதுங்க. என்ன வேணா எழுதுங்க."

போனேன். தூறல். ரோட்டோரம் குடையோடு அவர் நின்றிருந்தார். சந்துகளுக்குள்ளிருந்து வெந்த மாவின் வாசனை வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஹெட்லைட் தெரிந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு ஆள் ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய சந்துகளிலிருந்தெல்லாம் எங்கள் வண்டிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் துணி சுற்றிய பெரிய பாத்திரம், அதிலிருந்து ஆவி. தலையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு ஓட்டுபவர்கள் ரப்பர் ஹார்னை ஒரு தரம் அமுக்கி அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர் மாஹிம் பக்கம் திரும்பினார்கள். சிலர் சயான் வழியாக செம்பூருக்கு. தூரம் போகிறவர்கள் கடற்கழிப் பாலம் தாண்டி சான்பாடாவுக்கு.

"அந்தா போறாம்லா, அந்த பிரேக்கு நம்ம கண்ணாடி வண்டியோடது. இவனுக்குச் செயினு. எந்தம்பிக்கு முன்வீலு." ஒவ்வொன்றாகக் காட்டினார்.

கை ரோமம் சிலிர்த்து நின்றது. எத்தனை மீட்டிங்குகளில் மும்பை வரைபடத்தை விரித்து எங்கெங்கே போர்டு வைக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம்! இங்கே, நகரம் கண் விழிப்பதற்குள், அதன் ஒவ்வொரு தெருவுக்கும் எங்கள் வண்டி போய்க்கொண்டிருந்தது. அனுப்பிக்கொண்டிருந்தவர் ஒற்றைக் குடையின் கீழே, மழையில் நனைந்த சுடிதாரோடு, கொட்டாவியை அடக்கிக்கொண்டு நின்றார். கடலைப் பார்த்துக்கூட எனக்கு அப்படிப் பிரமிப்பு வந்ததில்லை.

கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்பினேன், சக்கரமில்லாத டிஸ்ப்ளே வண்டி உட்பட. மேலதிகாரி அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டார். டீலர்ஷிப்பை ரத்து செய்ய நோட்டீஸ் தயாரானது. எதிர்த்துப் பேசிப் பார்த்தேன். பலிக்கவில்லை.

அதே வாரத்தில் சான்பாடாவிலிருந்து ஒரு டயர் கடைக்காரர், இட்லிக்காரரிடம் நம்பர் வாங்கி, அலுவலகத்துக்குப் போன் செய்தார். அந்த இட்லி வண்டியைச் செய்வது நீங்கள்தானா என்று ஹிந்தியில் கேட்டார். "வோ இட்லிவாலி காடி ஆப் லோக் ஹீ பனாத்தே ஹைன் க்யா?" கம்பெனி பெயர் அவருக்குத் தெரியாது. தினமும் வாசலில் இட்லி வாங்குகிறார், மழையில் ஒரு நாளும் அந்த வண்டி வராமல் இருந்ததில்லை, அதை விற்க ஆசைப்படுகிறார். பிறகு மாஹிமிலிருந்து ஒருவர். பிறகு கோபர்கைரனே. எல்லோரும் கேட்டது இட்லி வண்டியைத்தான்.

விஷயத்தை மேலதிகாரிக்குப் போனில் சொன்னேன். இவ்வளவு செலவு செய்து டாங்கில் பெயர் எழுதியிருக்கிறோமே, அதை ஒருவரும் படிக்கவில்லையா என்று மட்டும் கேட்டார். நோட்டீஸ் போகவில்லை. தாராவிக் கடைக்காரர், ஸ்பேர் மும்பையிலேயே கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். இப்போது செம்பூரில் எங்கள் ஸ்பேர் கிடங்கு இருக்கிறது. அதை அவர்தான் நடத்துகிறார்.

அந்த டயர் கடைக்காரரின் சான்பாடா ஷோரூம் திறப்பு விழாவுக்கு நான் டாக்ஸியில் போவதாக இருந்தேன். "டாக்ஸி நக்கோ, வேணாம், ஏறுங்கக்கா" என்று அவரே வண்டியில் கூட்டிப்போனார். மேடம் எப்போது அக்காவானேன் என்று தெரியவில்லை. திரும்பும்போது பாலத்தில் காற்று ஆளைத் தள்ளியது. இரண்டு பக்கமும் லாரி. நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் தோளைப் பிடித்திருந்தேன்.

அவர் பாதி திரும்பிக் கத்தினார்: "அக்கா, அடுத்து பன்வேல்ல கடை போட ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராது உண்டா?"

"ரோட்டைப் பாருங்கோ முதல்ல!" என்றேன்.

அவர் சிரிப்பது முதுகு குலுங்கியதில் தெரிந்தது. வண்டி வேகமெடுத்தது.