துடைக்காத குத்தூசி

சென்னையில் ஒரு மிஷின் இருக்கிறதாம். இலையைச் சருகாகக் கொடுத்தாலும் பொடியாகக் கொடுத்தாலும், அது எந்தச் செடியின் வயிற்றில் பிறந்தது என்று சொல்லிவிடுமாம். பிள்ளைக்கு அப்பன் யாரென்று பார்க்கிற அதே டி.என்.ஏ. சோதனைதானாம். மதுரைக் கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் யாரோ ஒருவர் ஹஸ்னாவின் தம்பியிடம் சொல்ல, ஹஸ்னா அதைப் பக்கத்து வீட்டுச் சுலைகாவிடம் மதில்மேல் கையை ஊன்றிச் சொன்னாள். பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்த சுலைகா பசைக் கையோடு எழுந்து, ஜெயிலில் இருக்கும் புருஷனுக்காக அவன் அண்ணன் அலி அக்பரைத் தேடி ஓடினாள்.

"பெரிய மச்சான், மிஷினு பொய் சொல்லாதுல்ல? இது அவுரி, இது கஞ்சான்னு பிரிச்சுச் சொல்லிப்புட்டா அவுகளை விட்டுருவாகல்ல?"

"விட்டுருவாக தாயி. வக்கீல்ட்ட கேப்போம்."

அலி அக்பருக்கு விருதுநகரில் அவுரி இலைத் தரகு. ஏழாயிரம்பண்ணைப் பக்கம், பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவே கிடக்கும் கரிசலில் அது விளையும். நிழலில் உலர்த்திய இலை, பேதி மருந்துக்காகத் தூத்துக்குடியில் கப்பலேறும். தம்பி சைஃபுல்லா வேனில் ஊர் ஊராகப் போய் மூட்டை ஏற்றி வருவான். மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கியில் அண்ணன் தரம் பார்ப்பார்.

தரம் பார்ப்பது குத்தூசியால். கூர்முனையும் நடுவில் வாய்க்கால் மாதிரிக் குழிவும் உள்ள இரும்பு அது. சாக்கில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கும் சரக்கு குழிவில் வந்து உட்காரும். ஒரு மூட்டையில் குத்தியதைத் துடைக்காமல்தான் அடுத்ததில் குத்துவார். துடைத்தால், உன் சரக்கில் கோளாறு என்று மூட்டைக்காரன் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. புதிதாக வந்த ஓர் ஆள் விவரம் தெரியாமல் கைக்குட்டையால் துடைக்கப்போய், அவுரி விளைவித்த சம்சாரி ஒருவர் அத்தனை மூட்டையையும் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதுண்டு. அவரைச் சமாதானப்படுத்த அலி அக்பர் தாயில்பட்டி வரைக்கும் நடையாய் நடந்தார்.

பொங்கல் கழிந்த ஒருநாள் சைஃபுல்லா வரும் வழியில், தாயில்பட்டிக்குப் பிரியும் விலக்கில் ஒருவன் சின்ன மூட்டை ஒன்றை வேனில் போட்டிருக்கிறான். "இதுவும் இலைதாண்ணே, எம் மச்சினன் விருதுநகர்ல வந்து வாங்கிக்கிடுவான்." போகிற வண்டியில் ஒரு மூட்டையைப் போட்டுவிடுவது அந்தப் பக்கம் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. வேன் கிட்டங்கியில் லோடு இறக்கிய கையோடு போலீஸ் ஜீப்பும் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் ராஜபாண்டியன் சின்ன மூட்டையை அவிழ்த்தார். அவுரிக்கு இல்லாத ஒரு கனத்த வாடை கிட்டங்கி முழுக்கப் பரவியது. சைஃபுல்லாவின் முகம் வெளுத்துவிட்டது.

"எல்லா மூட்டையிலயும் சாம்பிள் எடுக்கணும் பாய். ஊசி எங்க?"

"நானே எடுத்துத் தாரேன் சார். எங்க சரக்கு சுத்தமான சரக்கு, ஒங்க கண்ணால பாத்துக்கோங்க."

"அப்ப இந்தச் சின்னதுல ஆரம்பிங்க."

குத்தினார். பிறகு தம்பி கொண்டுவந்த மூட்டைகளில் வரிசையாகக் குத்தினார். துண்டு தோளில்தான் கிடந்தது. விலங்கு மாட்டிய கையோடு தம்பி பார்த்துக்கொண்டு நிற்கிறான்; அவன் எதிரிலே ஊசியைத் துடைத்தால், அவன் மூட்டையைக் கூடப்பிறந்தவனே சந்தேகப்பட்டதாகிவிடாதா? துடைக்கவில்லை.

அவுரியோடு கஞ்சாவைக் கலந்து கடத்தினான் என்று வழக்கு எழுதினார்கள்.

"சின்ன மூட்டை மட்டும்னா ஜாமீன் எடுத்துறலாம்," என்றார் வக்கீல் சங்கரலிங்கம். "எல்லாத்துலயும் கலந்திருந்துச்சுன்னா மொத்த எடையும் கஞ்சா எடைதான். அப்ப ஜாமீனை மறந்துர வேண்டியதுதான்."

அதனால்தான் சுலைகாவின் மிஷின் வக்கீலுக்கும் பிடித்துப்போனது. அன்று மூட்டை மூட்டையாக எடுத்த மாதிரிகளுக்கு டி.என்.ஏ. பார்க்க மனுப் போட்டார்; கோர்ட்டும் ஒத்துக்கொண்டது. செய்தி பஜாருக்கு வந்தது. பக்கத்து மிளகாய் மண்டிக் கனகசபாபதி வாசலில் நின்றே கேட்டார்:

"என்ன பாய், இலைக்குச் சாதிச் சர்ட்டிபிகேட் வாங்கப் போறீகளாம்ல?"

"ஆமாண்ணாச்சி. ஒங்க மொளகாப் பொடிக்கும் சேத்து வாங்கிருவோமா? எம்புட்டுச் செங்கல்னு தெரிஞ்சுரும்."

கனகசபாபதி விழுந்து விழுந்து சிரித்தார். அலி அக்பரும் சிரித்தார். மதுரைச் சிறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பியிடமும் போய்ச் சொன்னார். அவன் தாடி வளர்ந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தான். "அப்ப நோன்புக்கு வீட்டுல இருப்பேனாண்ணே?" என்று கேட்டான். இருப்பாய் என்று சொல்லிவிட்டு வந்தார்.

முடிவு இன்று வந்தது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எல்லா மாதிரியிலயும் ரெண்டு செடி இருக்கு பாய். ஒண்ணு அவுரி. இன்னொண்ணு கஞ்சா."

"எல்லாத்துலயுமா? எம்புட்டு இருக்குன்னு போட்டிருக்கா சார்?"

"இருக்கா இல்லையாங்குறதுதான் இந்தச் சோதனை. ஆய்வுக்கூடத்துல கேட்டேன். துளித் தூசி போதுமாம். அதையே கோடி மடங்கு பெருக்கித்தான் பாக்குறாகளாம்."

துளித் தூசி. அலி அக்பர் தம் வலது கையைப் பார்த்தார். அது தானாக ஒருமுறை குத்தி இழுப்பது போல அசைந்தது. அன்றைக்கு மாதிரி எடுத்தது யார், எப்படி என்று எதையும் மறைக்காமல் சொன்னார். வக்கீல் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு வழக்குக் கட்டைப் புரட்டினார்.

"மாதிரி எடுத்தது போலீஸுன்னுல்ல பறிமுதல் மகஜர்ல இருக்கு?"

"அதுல சாட்சிக் கையெழுத்துப் போட்டது நாந்தான் சார்."

"அந்த ஊசி?"

"ஆணியில தொங்குது. அன்னைக்கப்புறம் எனக்கு யாரு மூட்டை அனுப்புறா?"

"அதைக் கோர்ட்டுல குடுத்து, நீங்க கூண்டுல ஏறி உள்ளதைச் சொன்னா, தம்பிக்கு ஒரு வழி இருக்கு. ஆனா கிட்டங்கி ஒங்க பேர்ல. கஞ்சா ஒட்டுன இரும்பும் ஒங்களோடது. ரெண்டாவது ஆளா ஒங்களைச் சேக்க அவுகளுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? அப்புறம் ரெண்டு வீட்டுக்கும் ஆம்பளைத் துணை இல்லை. வெள்ளிக்கிழமை ஜாமீன் மனு வருது. யோசிச்சுச் சொல்லுங்க."

கிட்டங்கிக்கு வந்து ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து நுழைந்தார். மூட்டை இல்லாத தரை வெறிச்சோடிக் கிடந்தது. குத்தூசியை ஆணியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். குழிவின் ஓரத்தில் கோடு போலப் பச்சைத் தூசி ஒட்டியிருந்தது. எது அவுரி, எது மற்றது என்று நாற்பது வருஷமாய் இலை பார்த்த அவர் கண்ணுக்கே தெரியவில்லை.

துண்டின் நுனி கையில் இருந்தது. ஓர் இழுப்பு. அதற்குப் பிறகு அவரை யாராலும் எதுவும் கேட்க முடியாது. தம்பிக்காக யாராலும் எதுவும் சொல்லவும் முடியாது.

சட்டைப்பையில் போன் மணி அடித்தது. சுலைகா. முடிவு இன்றைக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து குழாய் சுற்றாமல் காத்திருப்பாள். மிஷின் என்ன சொல்லுச்சு என்றுதான் முதலில் கேட்பாள்.

ஒரு கையில் ஊசி, ஒரு கையில் துண்டு. எதைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுப்பது என்று தெரியாமல் அலி அக்பர் நின்றார். மணி நின்றது. மூச்சு விடுவதற்குள் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.