மணல்மேட்டில் ஐம்பது கிராம்

அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் 'கல்லு' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தைப் பார்த்து வைத்த பேர் இல்லை; அப்படி வைத்திருந்தாலும் பொருந்தியிருக்கும். தராசுகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. எவர்சில்வர் எடைக்கற்கள் அடுக்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அந்தக் கற்களை வெறுங்கையால் தொடக்கூடாது, ஒரு கீறல் விழக்கூடாது. பெற்ற பெண்ணைக்கூட மனுஷன் இவ்வளவு பதவிசாகத் தூக்கியதில்லை என்பது அவர் மனைவியின் கட்சி.

போய் இறங்கியதும் வேலையைத் தொடங்கிவிடவும் முடியாது. தராசு இருக்கும் அறையில் பெட்டியைத் திறந்து வைத்து, அறையின் குளிர்ச்சி கல்லுக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டும். வழியெல்லாம் வெயில் தின்ற கல் சரியான எடை காட்டாது. அந்த நேரம் முழுக்க அவர் ஓட்டல் கட்டிலில் உட்கார்ந்து செய்தி பார்ப்பார். கடலோர ஊரில் கடல் பார்த்ததில்லை, மலையூரில் மலை பார்த்ததில்லை. பாலைவன ஊருக்கு ஒருநாள் வேலை என்று வந்தபோது மகள் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, எந்த ஊருக்குப் போனாலும் நீ ஒரே ஃபோட்டோதான் அனுப்பற. கட்டில், தலகாணி, டீ கெட்டில்."

"கெட்டில் கலர் மாறுதுல்ல?"

"இந்தத் தடவ மணல்மேட்டுல ஏறி, மேலேர்ந்து ஓடி வர்ற. எனக்கு வீடியோ வேணும். இல்லன்னா இனிமே நானும் உன்னக் கல்லுன்னுதான் கூப்பிடுவேன்."

சோபாவில் கிடந்த மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா ஓடுவாரா? பஸ்ஸைப் பிடிக்கவே ஓட மாட்டாரு. அடுத்த பஸ் வரும்னு நிப்பாரு."

"நீ மூடு," என்றார் கல்லு. ஆனால் காலணியை மட்டும் மாற்றி எடுத்துக்கொண்டார். கட்டுகிற வகை, ஓடினால் கழலாது.

கிளம்பும்போது மேலாளர் எப்போதும் சொல்வதையே சொன்னார். "ஒரு கல்லு குறைஞ்சாலும் பெட்டி வேற ஆள் கைக்குப் போயிடும், பாத்துக்க." அந்தப் பெட்டி இல்லையென்றால் அவரை ஊர் எல்லை தாண்டி அழைத்துப்போக உலகத்தில் வேறு எதுவும் இல்லை. கட்டில் ஃபோட்டோவானாலும் வேற்றூர்க் கட்டில் அல்லவா?

பாலைவன ஊரில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. எடை அறையின் பொறுப்பாளர் பெட்டி வைக்க இடம் காட்டி, "நாளைக்குக் காலைல பாத்துக்கலாம் சார், வெளில சுத்திட்டு வாங்க," என்றார்.

கல்லு பெட்டியைத் திறந்து வைத்தார். பிறகு உறை போட்ட கையால் ஐம்பது கிராம் கல்லை எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் கம்பெனி ஆட்களின் வழக்கம் அது. யாரோ ஒருவரின் பெட்டி எப்போதோ களவு போனதிலிருந்து, பெட்டியை விட்டு நகர்ந்தால் ஒரு கல்லைக் கூடவே கொண்டுபோவார்கள். ஒன்று குறைந்தால் மொத்தமும் செல்லாது, செல்லாததை எவன் திருடுவான் என்று கணக்கு. திருடனுக்கு இது தெரிந்திருக்குமா என்று அவர்களில் ஒருவரும் யோசித்ததில்லை. சின்னக் கல் சீக்கிரம் குளிர்ந்துவிடும், இருட்டுவதற்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

தொழிற்சாலை ஓட்டுநர் ஊருக்கு வெளியே ஒரு மணல்மேட்டடியில் காரை நிறுத்தி, கல்லுவின் போனை வாங்கிக்கொண்டார். "ஏறுங்க சார், நான் எடுக்கறேன்."

ஒரு எட்டு வைத்தால் பாதி எட்டு கீழே இழுத்தது மணல். மூச்சு முட்டி உச்சிக்குப் போனால் நான்கு பக்கமும் வெட்டவெளி. சுவர் இல்லை, கதவு இல்லை. கல்லு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடி இறங்கினார். பாதியில் அவர் தொண்டையிலிருந்து ஒரு கத்தல் வந்தது. யார் கத்துவது என்று அவருக்கே ஒரு கணம் புரியவில்லை. பிறகு கால் தடுக்கி, உருண்டு, அடிவாரத்தில் மல்லாந்து விழுந்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே கை சட்டைப்பைக்குப் போனது.

பை காலி.

எழுந்து நாலு காலில் மேலேறி மணலைக் கிளறினார். வெள்ளைத் துணி கிடைத்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"என்ன சார், சாவியா?"

"கல்லு."

"இங்க ஏது சார் கல்லு? எல்லாம் மணல்தான்." சொல்லிவிட்டு ஓட்டுநர் அவர் முகத்தைப் பார்த்தார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவரும் மண்டி போட்டார்.

தோண்டத் தோண்டக் குழி தானே மூடிக்கொண்டது. எந்த வழியாக உருண்டோம் என்று பார்த்தால் காற்று அந்தத் தடத்தையும் துடைத்திருந்தது. வெளிச்சம் போனபின் ஓட்டுநர்தான் அவர் தோளைத் தொட்டு, "போலாம் சார்," என்றார்.

மறுநாள் வேலை நடக்கவில்லை. ஊர் திரும்பியதும் மேலாளர் கத்தவும் இல்லை. "பெட்டிய அந்த மேஜை மேல வச்சிட்டுப் போ," என்றார், அவ்வளவுதான். இப்போது கல்லு அலுவலகத்தின் பின்னறையில், ஜன்னல் இல்லாத பக்கத்தில், பழுதான தராசுகளுக்குச் சீட்டு ஒட்டுகிறார். பெட்டி வேறொருத்தன் கையில். அவன் போகிற ஊரிலிருந்தெல்லாம் கடலும் மலையுமாக ஃபோட்டோ அனுப்புகிறான். பேர் மட்டும் இவரிடமே தங்கிவிட்டது.

கல் தொலைந்ததையும் பெட்டி கைமாறியதையும் அவர் வீட்டில் சொல்லவில்லை. மகள் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டாத ஆளில்லை.

"மாமா, நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்," என்றான் மச்சினன். "நல்லாத்தான் ஓடுறீங்க."

மகள் போனை அவன் பக்கம் திருப்பினாள். "இதப் பாரு மாமா, இப்ப உருளுவாரு, அப்பறம் நாய்க்குட்டி மாதிரி மணல நோண்டுவாரு! அப்பா, அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போ."

"ம்," என்றார் கல்லு.

உருளும் இடத்தில், கவனித்துப் பார்த்தால், வெள்ளையாக ஒரு துணி பறக்கும். வேறு யாரும் அதைப் பார்ப்பதில்லை. அவர் அதை மட்டும்தான் பார்க்கிறார். கல் எந்தப் பக்கம் விழுந்தது என்பது மட்டும் தெரிவதேயில்லை.

"இன்னொரு தடவ போடு," என்றார்.

மகளுக்கு ஒரே குஷி. கையை விரித்துக்கொண்டு அப்பா ஓடி வந்தார். வாய் திறந்திருந்தது.

"அங்கயே நிறுத்து."

"இதுக்கு அப்பறந்தானப்பா காமெடியே!"

"இருக்கட்டும். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."