தொட்டிலுக்கு வந்த பூவரசு

கடைசல் தொழிலில் மரத்தைக் கடைவது சுலபம். அது காயும் வரை அதன் சொந்தக்காரரைச் சமாளிப்பதுதான் வேலை. திண்டிவனத்தில் என் பட்டறை வாசலில் காத்திருந்து கால் கடுத்தவர்களும், இதே தொழிலில் இருந்துகொண்டு தலையில் கை வைத்துக்கொண்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

ஈரம்

கோட்டக்குப்பத்திலிருந்து சலீம் பாய் ஒரு குட்டியானை வண்டியில் பூவரசு அடிமரத்தை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவரே வீட்டின் பின்பக்கம் ஒரு கிளையை நட்டு வளர்த்த மரம். புயலில் சாய்ந்துவிட்டது. அவருக்கு துபாயில் வேலை. ஒரு மாத லீவில் வந்திருந்தார். மனைவிக்கு ஏழாவது மாதம். "கொழந்த பொறக்கும்போது நான் இருக்க மாட்டேண்ணா. நான் வெச்ச மரத்துலயாவது அது தூங்கட்டும். ஒரு தொட்டில் கடைஞ்சி குடுங்க, லீவு முடியறதுக்குள்ள" என்றார்.

அறுத்துப் பார்த்தால் தண்ணீர் கசிந்தது. ஈர மரத்தை இன்று வட்டமாகக் கடைந்தால், காய்ந்ததும் அது கோழிமுட்டை மாதிரி ஆகிவிடும். துளையில் இறுக்கி மாட்டிய முனை சுருங்கி, தானாகக் கழன்று வரும். அதில் குழந்தையைப் படுக்க வைக்க முடியாது. மரம் காய ஒரு வருஷமாவது வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். சலீம் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "மனசுல ஈரமே இல்லியாண்ணா உங்களுக்கு?" என்று கேட்டார்.

என்னிடம் பாலிஷ் போடுகிற வேலு, உப்புத்தாளைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அவருக்கு மனசுல இருக்குது பாய். மரத்துல இல்லாம போனாத்தான் தொட்டில் நிக்கும்."

முருங்கைக் கட்டில்

பூவரசைத் துண்டு போட்டு, வெடிக்காமல் இருக்க முனைகளில் சாணம் பூசி, நிழலில் அடுக்கினேன். சலீம் பாய் விமானம் ஏறிவிட்டார். அந்த அடுக்குக்குக் காவல் இருப்பது ஒரு தனி வேலையாகப் போயிற்று.

வானூர் பக்கத்து விவசாயி ஒருவர், சந்தையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை போட வந்த வண்டியிலேயே நாலு முருங்கைத் துண்டுகளைக் கொண்டுவந்து, கட்டில் கால் கடையச் சொன்னார். முருங்கையில் உளி வைத்தால் சுருள் வராது, பஞ்சுதான் வரும். "இது கால் ஆகாதுங்க" என்றேன். "அப்ப மூலையில கெடக்குற அந்தப் பூவரச குடுங்க" என்றார். அது ஒரு குழந்தைக்கு என்று மறுத்துவிட்டேன். அவர் முருங்கையைத் தட்டிக் கொடுத்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வருஷா வருஷம் அவ்ளோ காயத் தாங்கின மரங்க. எங்க ரெண்டு பேரத் தாங்காதா?"

கருவாடு

சலீம் பாய்க்குப் பையன் பிறந்தான். துபாயிலிருந்தே போட்டோ அனுப்பினார். அவரும் போட்டோவில்தான் பார்த்திருந்தார். படத்தின் கீழே ஒரே வரி: 'மரம் காய்ஞ்சிதாண்ணா?'

அந்த வாரம் விழுப்புரத்தில் கட்டில் கடை வைத்திருப்பவர் வந்தார். என்னிடம் மாதா மாதம் வேலை கொடுக்கிறவர். பூவரசின் சாக்லேட் நிற வயிரத்தைப் பார்த்ததும் மொத்தத்தையும் கேட்டார். மாட்டேன் என்றேன். இன்னும் பாதிதான் காய்ந்திருக்கிறது என்றும் சொன்னேன். வண்டியைக் கிளப்பியவர், கழுத்தை மட்டும் திருப்பினார். "காய வெச்சி காய வெச்சி கருவாடாவா விக்கப் போறீங்க?" அதன் பிறகு அவருடைய வேலை வேறு பட்டறைக்குப் போயிற்று.

ஆணி

வருஷம் முடிந்து, தொட்டிலின் நாலு கால்களில் மூன்றைக் கடைந்துவிட்டேன். நாலாவதில் உளி டணங் என்று எகிறியது. உள்ளே ஒரு பழைய ஆணி. மரம் வளர்ந்து அதை மூடிவிட்டிருக்கிறது. உளியின் முனை போயிற்று, கால் நீளவாக்கில் பிளந்தது. மாற்றுக் கால் எடுக்கும் அளவுக்குப் பருமனாக மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டை. அதன் உள்ளே இன்னும் ஈரம்.

உள்ளே ஆணி இருந்ததையும், மறுபடியும் காத்திருக்க வேண்டும் என்பதையும் போனில் சொன்னேன். சலீம் பாய் சொன்னார்: "துணி காயப்போடக் கொடி கட்ட நான்தாண்ணா அடிச்சேன், சின்ன வயசுல. தொட்டில்ல அடிக்கிறோம்னு அப்ப தெரியலியே."

நடைவண்டி

நாலாவது கால் தயாரான நாளில், தொட்டிலை வாங்கிப் போக அவர் மனைவி பையனோடு வந்தார். பையன் கடைசல் மிஷின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். இவனைத் தொட்டிலில் போட்டால் அடுத்த நிமிஷம் வெளியே விழுவான். துபாயிலிருந்து உடனே உத்தரவு வந்தது: "அப்ப நடவண்டியா மாத்திடுங்கண்ணா."

கடைந்த தொட்டில் கால்களை அறுத்து சக்கரம் கடைந்தேன். வேலு வார்னிஷ் அடித்தார். அடைமழை பிடித்துக்கொண்டது. மரம் காய்ந்துவிட்டது, இப்போது வார்னிஷ் காயவில்லை. மழை விட்டபின் வேலுவே பஸ்ஸில் வண்டியைத் தூக்கிக்கொண்டு கோட்டக்குப்பம் போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர், பையனின் அம்மா சொன்னதை அப்படியே சொன்னார்: "அவன் நடக்கறத வுட்டுட்டு ஓடவே ஆரம்பிச்சிட்டாண்ணா. வண்டியில ஆட்டுக்குட்டியத்தான் கட்டிவெக்கணும்."

பம்பரம்

லீவு தள்ளித் தள்ளிப் போய், பையனுக்கு மூன்று வயது நெருங்கும்போதுதான் சலீம் பாய் ஊருக்கு வந்தார். வந்த மறுநாளே மூன்று பேரும் பட்டறைக்கு வந்தார்கள். பையன் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அப்பா கையை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எதுனா ஒண்ணுண்ணா. இன்னிக்கே, நான் இங்க நிக்கும்போதே, ஜல்தியா முடியறது" என்றார் சலீம் பாய்.

ஆணியால் பிளந்த கால் மூலையில் கிடந்தது. தட்டினால் வெண்கலம் மாதிரி சத்தம். நன்றாக இருந்த பாதியில் ஒரு பம்பரம் கடைந்தேன். உள்ளே இருந்த பழைய ஆணியை வேலு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதையே தேய்த்துப் பம்பரத்துக்கு அடித்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

சலீம் பாய் சாட்டையைச் சுற்றி விட்டார். பம்பரம் நின்ற இடத்திலேயே, அசைவது தெரியாமல் சுற்றியது. பம்பரம் தூங்குகிறது என்று பிள்ளைகள் சொல்வார்களே, அந்த மாதிரி. பையன் அம்மாவை விட்டு இறங்கி வந்து, கிட்டே குந்தி, கை தட்டினான். சலீம் பாயும் அவன் பக்கத்தில் குந்தினார். வேலு குனிந்து, அவர்கள் வீட்டில் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரியே, "அத்தா சூப்பரா வுட்டாரா?" என்று கேட்டார். பையன் சலீம் பாயை ஒரு தடவை பார்த்தான். பிறகு அம்மாவின் கையில் இருந்த போனைக் காட்டினான்.

"அத்தா இங்க இல்ல. செல்லுல இருக்காரு."

தொட்டிலுக்கென்று வந்த மரத்தில் கடைசியில் தூங்கியது அந்தப் பம்பரம் ஒன்றுதான்.